16 எம்எம் புரொஜெக்டருக்கு ஸ்கோப் லென்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

ரீல்பைத்தியம்:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். இப்போது வாய் திறக்க வேண்டியதாகிவிட்டது.

என்னிடம் இருப்பது 16 எம்எம் புரொஜெக்டர். 24 வோல்ட் 250 வாட் ஹாலஜன் பல்பு, 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ். லென்ஸிலிருந்து திரைக்கு 4.5 மீட்டர். போன வாரம் கைக்கு வந்த ஒரு பிரிண்டைப் போட்டேன். ஆட்கள் எல்லாம் மூங்கில் கழி மாதிரி நிற்கிறார்கள், கார் சக்கரம் முட்டை வடிவத்தில் உருளுகிறது. டப்பாவில் ஸ்கோப் என்று ஒரு வார்த்தை கிடையாது. விசாரித்தால் இது அகலத்திரைப் படத்தை நசுக்கிப் பதித்த ஸ்கோப் பிரிண்ட், அதை அகலவாக்கில் இழுத்து விரிக்கும் அனமார்ஃபிக் லென்ஸ் (ஸ்கோப் லென்ஸ் என்பதும் இதுதான்) வேண்டும் என்கிறார்கள்.

மூன்று வழி கண்ணில் படுகிறது:

ஒன்று, 16 எம்எம்முக்கென்றே செய்த சின்ன லென்ஸ், 2 மடங்கு, பழையது. இரண்டு, நண்பர் ஒருவரிடம் சும்மா கிடக்கும் 35 எம்எம் தியேட்டர் அனமார்ஃபிக், குழந்தையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டிய எடை. மூன்று, வீடியோ புரொஜெக்டருக்கு விற்கிற 1.33 மடங்கு லென்ஸ், புத்தம் புதியது, துடைத்த கண்ணாடி.

மனசு மூன்றாவதுக்குத்தான் போகிறது. புதுசு என்பதால். சரியா?

சதுரத்திரை:

மூன்றாவதை இப்போதே மறந்துவிடுங்கள். அது 16:9 வீடியோ படத்தை அகலத்திரைக்கு இழுக்கச் செய்தது. உங்கள் பிலிமில் படம் பாதி அகலத்துக்கு நசுக்கப்பட்டிருக்கிறது, அதை 2 மடங்கு இழுத்தால்தான் முகம் முகமாகும். 1.33 மடங்கு இழுத்தால் உண்மையான அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். மூங்கில் கழி போய் முருங்கைக்காய் வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ரீல் முழுக்க ஒல்லியாக இருக்கிறார்களா, டைட்டிலில் மட்டுமா? பார்த்துச் சொல்லுங்கள்.

ரீல்பைத்தியம்:

முழுக்க. இரண்டாவது ரீலின் நடுவில்கூட ஒரு குதிரை ஒட்டகச்சிவிங்கி மாதிரி ஓடுகிறது. டைட்டிலை ஏன் தனியாகக் கேட்டீர்கள்?

பழைய ஆபரேட்டர்:

அதைச் சதுரத்திரை பிறகு சொல்வார். நான் முதல் இரண்டு வழிக்கு வருகிறேன்.

தம்பி, லென்ஸ் பெயரைத் தேடுவதற்கு முன் இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று ஒரு தடவை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது உருளை வளைவுக் கண்ணாடிகள். ஒரு திசையில் மட்டும் வளைவு, மறு திசையில் சமம். உங்கள் 50 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் இதை வைத்தால் உயரவாக்கில் அது 50 ஆகவே இருக்கும், அகலவாக்கில் மட்டும் 25 மாதிரி நடந்துகொள்ளும். உயரம் மாறாமல் அகலம் இரட்டிப்பது இதனால்தான். ஆன்ரி கிரேத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர் 1920களிலேயே செய்துவைத்தது இது. ஹைப்பர்கோனார் என்று பெயர். கால் நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்து, 1953ல் சினிமாஸ்கோப் என்று மேளதாளத்தோடு வந்தது.

இனி உங்கள் அறைக்குக் கணக்கு. 16 எம்எம் கேட்டின், அதாவது பிலிம் நிற்கிற இடத்தில் வெளிச்சம் தாண்டும் சாளரத்தின், திறப்பு ஏறக்குறைய 9.6 மி.மீ. அகலம், 7.2 மி.மீ. உயரம். அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் 50ஆல் வகுத்தால் திரையில் விழும் அகலம் கிடைக்கும். 4.5 மீட்டரில் 86 செ.மீ. சாதாரணப் படம், உயரம் 65 செ.மீ. ஸ்கோப் போட்டால் உயரம் அதே 65, அகலம் 1.73 மீட்டர். உங்கள் திரை அதற்குப் போதுமா என்று முதலில் பாருங்கள். லென்ஸை வாங்கி வந்த பிறகு படம் சுவரைத் தாண்டி ஜன்னல் திரையில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தியேட்டர் லென்ஸ் விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள், வேண்டாம். அது 20, 30, 40 மீட்டர் தூரத்துக்குப் பிறந்தது. ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருகினாலும் பல மாடல்கள் 4.5 மீட்டருக்கு இறங்கி வராது. எடையும் அப்படி. 16 எம்எம் புரொஜெக்டரின் லென்ஸ் குழலில் தொங்கவிட்டால் குழலே சாய்ந்துவிடும். கோவா 8-இசட், 16-எச், சங்கோர் 16-சி, 16-டி, ஐஸ்கோ, மோல்லர் என்று 16 எம்எம்முக்குப் போதுமான 2 மடங்குச் சாமான்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

கண்ணாடிப்புழு:

ஆபரேட்டர் அண்ணன் சொல்வதில் பாதிக்கு நான் தலையாட்டுகிறேன். மீதிப் பாதிக்கு மாட்டேன். நான் பல வருடமாக 16 எம்எம்மில் 35 எம்எம் அனமார்ஃபிக்தான் ஓட்டுகிறேன்.

எல்லோரும் முன் கண்ணாடியைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது பின் கண்ணாடி, அதாவது உங்கள் 50 மி.மீ. லென்ஸின் வாயோடு ஒட்டி நிற்கப் போகிற சின்ன வட்டம். 50 மி.மீ. எஃப் 1.2 என்றால், 50ஐ 1.2ஆல் வகுத்துப் பாருங்கள், வெளிச்சம் வெளியே வரும் வாய் சுமார் 42 மி.மீ. விட்டம். அனமார்ஃபிக்கின் பின் கண்ணாடி அதைவிடச் சிறியதாக இருந்தால் கழுத்தில் துணியைக் கட்டி இறுக்கின மாதிரி. ரீல்பைத்தியம், உங்களுக்குக் கிடைப்பதாகச் சொன்ன சின்ன லென்ஸில் அது எவ்வளவு? ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள்.

ரீல்பைத்தியம்:

விற்பவரிடம் கேட்டு வாங்கினேன். 33 மி.மீ. என்கிறார்.

கண்ணாடிப்புழு:

ஆச்சா. 50ஐ 33ஆல் வகுத்தால் 1.5. எஃப் 1.2 லென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு எஃப் 1.5 ஆக ஓட்டப் போகிறீர்கள். பரப்பளவுக் கணக்கில் 63 சதவீத வெளிச்சம்தான் தாண்டும். ஸ்கோப்பில் அதே வெளிச்சம் இரண்டு மடங்கு பரப்பில் பரவுவதால் திரை ஏற்கெனவே பாதியாக மங்கும். அதன் மேல் இது.

பழைய ஆபரேட்டர்:

காகிதத்தில் சரி. ஆனால் உங்கள் புரொஜெக்டரின் பல்பும், அதன் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சரும் அந்த 42 மி.மீ. வாய் முழுவதையும் நிரப்புகிறதா? பல மெஷினில் நிரப்பாது. பிலிம் இல்லாமல் பல்பைப் போட்டு, லென்ஸ் வாயில் ஒரு டிரேசிங் பேப்பரை ஒட்டிப் பாருங்கள். ஓரம் மங்கி நடுவில் மட்டும் வெளிச்ச வட்டம் விழுந்தால், ஓரத்தை வெட்டுவதால் பெரிய நஷ்டம் இல்லை.

கண்ணாடிப்புழு:

ஒப்புக்கொள்கிறேன். டிரேசிங் பேப்பர் நல்ல யோசனை.

ஆனால் ஃபோகஸ் இறங்காது என்று தியேட்டர் லென்ஸைத் தள்ளியதற்கு மறுப்பு இருக்கிறது. அனமார்ஃபிக்குக்கு முன்னால், திரைப் பக்கம், ஒரு பலவீனமான குவி லென்ஸ் வையுங்கள். டயாப்டர் என்பது 1ஐ மீட்டரில் உள்ள குவியத்தால் வகுத்த எண், +0.25 டயாப்டர் என்றால் குவியம் 4 மீட்டர். அனமார்ஃபிக் தூரத்தில் எங்கோ திரை இருப்பதாக நினைத்துக்கொண்டு கதிர்களை இணையாக அனுப்பும். இந்தக் கண்ணாடி அவற்றை 4 மீட்டரில் சேர்க்கும். தியேட்டர் லென்ஸுக்குத் தான் இன்னும் தியேட்டரில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பு.

ஒரு எச்சரிக்கை. +0.25 போட்டால் 4 மீட்டரைத் தாண்டி ஃபோகஸ் போகாது, அதற்குக் கீழேதான் வரும். உங்கள் 4.5 மீட்டருக்கு +0.2 கிடைத்தால் கச்சிதம். 4.5 மீட்டர் என்பது 0.222 டயாப்டர், 0.2ஐக் கழித்தால் மீதி 0.022, அதாவது லென்ஸ் கண்ணுக்குத் திரை 45 மீட்டரில். மூக்குக்கண்ணாடிக் கடைகளில் 0.25, 0.5 என்று கால் கால் படியாகத்தான் இருக்கும். வெட்டாத வட்டக் கண்ணாடியாகவே கேட்டு வாங்கலாம். புரொஜெக்டரை 60 செ.மீ. முன்னால் இழுத்து 3.9 மீட்டரில் வைத்தால் அதுவே போதும். படம் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சுருங்கும், சுருங்கின அளவுக்குப் பிரகாசமும் கூடும். எடைக்கு ஒரே வழி, லென்ஸைப் புரொஜெக்டரில் தொங்கவிடாமல் தனி ஸ்டாண்டில் நிறுத்துவது.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. உருளைக் கண்ணாடி லென்ஸைக் கிட்டத்துக்கு ஃபோகஸ் செய்யும்போது இழுப்பு சரியாக 2 மடங்காக நிற்காது, கொஞ்சம் நழுவும். ஆரம்பகால ஸ்கோப் படங்களில் குளோசப்பில் நடிகர் முகம் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி பூரிப்பாகத் தெரிந்தது படம் பிடித்த லென்ஸின் இந்தக் குணத்தால்தான். அனமார்ஃபிக்கைத் தூரத்திலேயே வைத்துவிட்டு டயாப்டர் கிட்டத்தைப் பார்த்துக்கொண்டால் அந்த வம்பு இல்லை.

எட்டுஎம்எம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வண்டி 8 எம்எம் பிலிம் ஓட்டுகிற சூப்பர் 8 புரொஜெக்டர். ஜூம் லென்ஸ் 15-லிருந்து 25 மி.மீ. ஸ்கோப் வைத்தால் நாலு மூலையும் இருட்டிவிடுகிறது. லென்ஸ் பழுதா?

பழைய ஆபரேட்டர்:

ஜூமை 25க்குத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

எட்டுஎம்எம்:

அட! மூலை திரும்பி வந்துவிட்டது. படம் சின்னதாகிவிட்டது.

பழைய ஆபரேட்டர்:

அதுதான். 15ல் கதிர் விரிந்து போகிறது, அனமார்ஃபிக்கின் உள் சுவர் ஓரத்தைக் கடித்துவிடுகிறது. 25ல் வைத்துவிட்டுப் புரொஜெக்டரைப் பின்னால் தள்ளுங்கள். கேட் அகலம் சுமார் 5.3 மி.மீ., 4 மீட்டரில் 85 செ.மீ. சாதாரணப் படம், ஸ்கோப்பில் 1.7 மீட்டர். சூப்பர் 8 பல்புக்கு அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. இரண்டு லென்ஸுக்கும் நடுவே இடைவெளி வைத்திருந்தால் அதையும் குறையுங்கள், முட்டாத அளவுக்கு ஒட்ட வையுங்கள். அந்த அரை அங்குல இடைவெளியே பாதி மூலையைத் தின்றுவிடும்.

எட்டுஎம்எம்:

இன்னொன்று. 1.5 மடங்கு என்றும் லென்ஸ் இருக்கிறதே, அது யாருக்கு?

கண்ணாடிப்புழு:

தானே ஸ்கோப்பில் படம் பிடித்துத் தானே போட்டுப் பார்ப்பவர்களுக்கு. 4:3 சட்டத்தை 1.5 மடங்கு இழுத்தால் 2:1 வரும், சின்னத் திரைக்கு லட்சணமான அளவு. ஐஸ்கோரமா அந்த ஜாதி. கடையில் விற்ற ஸ்கோப் பிரிண்டுகள் 2 மடங்கு, அதற்கு 1.5 உதவாது. இப்போது டிஜிட்டல் கேமராக்காரர்கள் வேறு இந்த லென்ஸுக்கெல்லாம் அலைகிறார்கள். பிலிம் ஓட்டுகிறவன் கேட்டால் கிடைக்காத நிலைமை. வயிற்றெரிச்சல்.

சதுரத்திரை:

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு என் சூடு ஒன்றைச் சொல்கிறேன். பூனை ஒரு தடவைதான் சூடு கண்டது.

பூஞ்சை இருக்கிறதா, கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டு வானவில் நிறம் தெரிகிறதா, வளையம் கெட்டியான கிரீஸில் இறுகியிருக்கிறதா, எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கண்ணாடி பளிங்கு மாதிரி. வீட்டில் மாட்டினால் எந்த இடத்திலும் கூர்மை வரவில்லை. நடுவில்கூட. ஒரு வாரம் புரொஜெக்டரைத் திட்டினேன். கடைசியில் தெரிந்தது, யாரோ லென்ஸைக் கழற்றி உள்ளே துடைத்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். சாதாரண வட்ட லென்ஸை எப்படிச் சுழற்றிப் பூட்டினாலும் பரவாயில்லை. உருளைக் கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஒரு டிகிரி இரண்டு டிகிரி பிசகினாலும் முழு லென்ஸையும் எப்படிச் சுழற்றியும் சரியாகாது. பளபளவென்று இருந்ததே சந்தேகத்துக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். வளையத்தின் திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் கீறல் இருந்தால் விலகி நில்லுங்கள். லேசான தூசியோடு, திறக்கப்படாத லென்ஸ் எவ்வளவோ மேல். ஓரத்துக் கீறல்கூடத் திரையில் தெரியாது.

வாங்கும் முன் சோதனை: தூரத்தில் ஒரு தெருவிளக்கையோ ஜன்னல் சட்டத்தையோ லென்ஸ் வழியாகப் பாருங்கள். சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக நிற்கும் ஒரு நிலை கிடைக்க வேண்டும். அந்த நிலையில் வளையத்தை எப்படித் திருகினாலும் நிற்கும் கோடும் படுக்கைக் கோடும் சேர்ந்து தெளியாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரீல்பைத்தியம்:

நண்பரின் தியேட்டர் லென்ஸைத் தூக்கி வந்துவிட்டேன். வாங்கவில்லை, இரவல். திருகில் கீறல் இல்லை, பின் கண்ணாடி 50 மி.மீ.க்கு மேல். +0.25 கண்ணாடியும் கிடைத்தது. கேமரா முக்காலியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் ஃபோகஸ் கண்ணாமூச்சி ஆடுகிறது. 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஒன்று தெளிகிறது, அனமார்ஃபிக்கைத் திருப்பினால் இன்னொன்று போகிறது.

பழைய ஆபரேட்டர்:

இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் விடியும் வரை திருகலாம். வரிசை இருக்கிறது.

முதலில் பிலிம் இல்லாமல் வெறும் கேட்டை ஓட்டுங்கள். திரையில் வெள்ளை நீள்சதுரம் விழும். அனமார்ஃபிக் கோணலாக இருந்தால் அது சாய்ந்த சதுரமாகத் தெரியும். முழு லென்ஸையும் சுழற்றி, நாலு மூலையும் செங்கோணமாகிற இடத்தில் இறுக்குங்கள். இனி அந்தச் சுழற்சியைத் தொடவே கூடாது.

பிறகு பிலிம். டைட்டில் எழுத்து இருந்தால் வசதி. படுக்கைக் கோடுகளை மட்டும் பாருங்கள். உயரவாக்கில் உருளைக்குச் சக்தி இல்லை, ஆகையால் அவற்றைத் தெளிவாக்குவது 50 மி.மீ. லென்ஸின் வேலை. அது தெளிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அடுத்து நிற்கும் கோடுகள், அவை அனமார்ஃபிக் வளையத்தின் வேலை. இவ்வளவுதான். எதைத் திருகும்போது எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததுதான் கண்ணாமூச்சி.

ரீல்பைத்தியம்:

நேற்று இரவு வந்துவிட்டது. குதிரை குதிரையாக ஓடுகிறது! 3.9 மீட்டர், ஒன்றரை மீட்டர் அகலம். டிரேசிங் பேப்பரும் ஒட்டிப் பார்த்தேன், என் மெஷினில் வெளிச்சம் லென்ஸ் வாயை நன்றாகவே நிரப்புகிறது. ஆக 33 மி.மீ. லென்ஸ் எனக்கு நஷ்டம்தான்.

இரண்டு குறை. படம் நான் நினைத்ததைவிட மங்கல். அப்புறம் இடமும் வலமும் கறுப்புப் பட்டை விழுகிறது. என் லென்ஸ் கடிக்கிறதா?

கண்ணாடிப்புழு:

பட்டையின் ஓரம் நேர்க்கோடாக, கூர்மையாக இருக்கிறதா? மூலையில் வளைந்து மங்குகிறதா?

ரீல்பைத்தியம்:

நேர்க்கோடு. ஸ்கேல் வைத்த மாதிரி.

கண்ணாடிப்புழு:

அப்படியானால் அது பிலிமிலேயே இருக்கிறது. 16 எம்எம் சட்டம் முழுவதையும் இரட்டித்தால் 2.66:1. 35 எம்எம் ஸ்கோப் 2.35, பின்னாளில் 2.39. மூலப்படத்தை 16க்கு இறக்கும்போது ஒன்று மேலும் கீழும் கொஞ்சம் வெட்ட வேண்டும், இல்லை பக்கத்தில் கறுப்பு விட வேண்டும். உங்கள் பிரிண்ட் இரண்டாவது வகை. அதிர்ஷ்டம், தலை வெட்டுப்படவில்லை. இருபுறமும் கறுப்புத் துணியை நகர்த்தி மூடிவிடுங்கள்.

மங்கலுக்குப் பெரிய மந்திரம் இல்லை. அறையை இன்னும் இருட்டாக்குங்கள். உங்கள் புரொஜெக்டரில் சுழன்று வெளிச்சத்தை வெட்டுகிற ஷட்டர் மூன்று இறக்கையோடு இருந்து, இரண்டு இறக்கைக்கு மாற்ற வசதியும் இருந்தால் மாற்றலாம். நொடிக்கு 24 சட்டத்தில் 48 தடவை வெட்டும், லேசாகச் சிமிட்டல் தெரியும், வெளிச்சம் கூடும்.

பழைய ஆபரேட்டர்:

தியேட்டர் லென்ஸ் வேண்டாம் என்றேன். அந்த டயாப்டர் வித்தையை நான் செய்து பார்த்ததில்லை, செய்து பார்க்கிறேன். எடையைப் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன். முக்காலிக் காலில் யாராவது இடறினால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

ரீல்பைத்தியம்:

நேற்றே ஒரு தடவை இடறியாயிற்று. மறுபடி வெள்ளை நீள்சதுரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அரைஇருட்டு:

புதியவன். இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். நானும் ஒரு பிரிண்டுக்காக ஸ்கோப் லென்ஸ் பேசி முடித்து வைத்திருக்கிறேன், நாளை பணம் கொடுக்க வேண்டும். சதுரத்திரை டைட்டிலைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுச் சொல்லாமலே போய்விட்டார். என் பிரிண்டில் டைட்டில் ஒல்லியாக இருக்கிறது. மீதியை நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

சதுரத்திரை:

ஐயோ, மறந்தே போனேன். பணம் கொடுக்காதீர்கள், முதலில் ரீலை ஓட்டுங்கள். டிவிக்காகச் சாதாரண அளவுக்கு மாற்றிய பிரிண்டுகளில் படத்தின் பக்கங்களை வெட்டிவிடுவார்கள். டைட்டிலை அப்படி வெட்டினால் பெயர்கள் பாதியில் நிற்கும். அதனால் அந்தப் பகுதியை மட்டும் நசுக்கினபடியே விட்டுவிடுவார்கள்.

அரைஇருட்டு:

இப்போதுதான் ஓட்டினேன். இயக்குநர் பெயர் முடிந்த மறு ஷாட்டில் எல்லோரும் சதை பிடித்துவிட்டார்கள்.